எந்த ஊர் யூக்ளிட்?

நூலகத்துக்கு வரும் புத்தகங்களுக்குப் பட்டியல் போடுவது என் வேலை. ஒருநாள் போட்டித் தேர்வுக் கையேடு ஒன்றைப் பதிவுக்கு எடுத்தேன். “யூக்ளிட்: சாக்ரடீசின் மாணவர், வடிவியலின் தந்தை” என்று ஒரு வரி. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குள் இரண்டு பேர் இருந்தார்கள்.

சாக்ரடீசின் மாணவர் மெகாரா ஊர்க்காரர். கி.மு. 399இல் ஆசிரியர் சிறையில் நஞ்சு குடித்தபோது உடனிருந்தவர்களில் அவரும் ஒருவர் என்று பிளேட்டோ எழுதியிருக்கிறார். 13 பாகங்களில் வடிவியலைத் தொகுத்தவர் அலெக்சாந்திரியா யூக்ளிட். காலம் கி.மு. 300 வாக்கில். சாக்ரடீஸ் இறந்து 68 வருஷம் கழித்துத்தான் அலெக்சாந்திரியா என்ற நகரமே உண்டானது.

கையேடு எழுதியவரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. பிழை அவ்வளவு பழையது. பிளேட்டோவிடம் கணக்குக் கேட்டு வந்தவர்களை அவர் வடிவியல் அறிஞர் யூக்ளிடிடம் அனுப்பினார் என்று கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான வலேரியஸ் மாக்சிமஸ் எழுதிவிட்டார். 1505இல் வெனிசில் அச்சான, அந்த வடிவியல் நூலின் லத்தீன் பதிப்பு, 1570இல் லண்டனில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, இரண்டின் முகப்பிலும் ‘மெகாரா யூக்ளிட்’தான். 1572இல் இத்தாலியக் கணித அறிஞர் கொம்மாந்தினோ தம் பதிப்பில் இருவரும் வேறு வேறு ஆள் என்று எடுத்துச் சொன்னார்.

கிரேக்கர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். (பேரன் என்ற நம் சொல்லே ‘பெயரன்’தானே.) ஆகவே அப்பா பெயரையோ ஊரையோ சேர்த்துத்தான் ஆளை அடையாளம் சொன்னார்கள். அப்படியும் குழப்பம் தீரவில்லை. மக்னீசியா ஊர் டெமெட்ரியஸ், ஒரே பெயருடைய கவிஞர்கள், எழுத்தாளர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அது முழுதாக நம் கைக்கு வரவில்லை. தத்துவ அறிஞர்களின் வாழ்க்கையை எழுதிய டயோஜெனிஸ் லாயர்ட்டியஸ், ஜீனோ என்ற பெயரில் எட்டுப் பேரைக் குறிப்பிடுகிறார். முன்னே போகும் ஆமையை ஓட்ட வீரன் எட்டவே முடியாது என்று புதிர் போட்ட ஜீனோ எலியா ஊர்க்காரர். ஸ்டோயிக் என்ற தத்துவ மரபைத் தொடங்கிய ஜீனோ சைப்பிரஸ் தீவின் கிட்டியம்காரர்.

எனக்கு அதிகம் பயம் தருவது ஹிப்போகிரட்டீஸ். மருத்துவர் கோஸ் தீவு, கணித அறிஞர் கியோஸ் தீவு. இருவரும் ஏறத்தாழ ஒரே காலம் வேறு. அச்சில் ஒரு எழுத்து போனால் ஆளே மாறிவிடுவார்.

மொழிபெயர்க்கும்போது நாம் முதலில் உதிர்ப்பது அந்த ஊர்ப் பெயரைத்தான். தயவுசெய்து உதிர்க்காதீர்கள். பாடக்குறிப்பானாலும் வினாடி வினாவானாலும் ஊரோடு எழுதுங்கள். முடிந்தால் காலத்தையும் சேருங்கள்.

அந்தக் கையேட்டைத் திருப்பி அனுப்ப வழியில்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன்: “சாக்ரடீசின் மாணவர் மெகாரா யூக்ளிட். வடிவியல் எழுதியவர் அலெக்சாந்திரியா யூக்ளிட்.” அப்புறம்தான் புத்தகம் அலமாரிக்குப் போனது.