இலண்டன் பயணம்: உண்மையில் எத்தனை மணித்தியாலம் அமர்ந்திருக்கிறோம்?

பிள்ளைகளைப் பார்க்க இலண்டன் செல்லும் பெற்றோர் மருந்து வாங்க வரும்போது, விமானத்தில் எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று கேட்பது என் வழக்கம். பகல் 1 மணிக்கு ஏறி மாலை 6.30க்கு இறங்கிவிடலாம், ஐந்தரை மணித்தியாலந்தான் என்று பயணச்சீட்டைப் பார்த்துச் சொல்பவர்கள் பலர். ஆனால் புறப்படும் நேரம் இலங்கை நேரப்படியும், இறங்கும் நேரம் அங்குள்ள நேரப்படியும் அச்சிடப்படுகின்றன. இலண்டன் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணித்தியாலமும் கோடையில் நாலரை மணித்தியாலமும் பிந்தியது. கொழும்பிலிருந்து வான்வழித் தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர் என்பதால், இடைநில்லாமல் பறந்தாலும் சுமார் 11 மணித்தியாலம் செல்லும்.

அதற்கு முன்னரே மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை, பொலனறுவை, ஹபரணை வழியாகக் கட்டுநாயக்கவுக்குச் சுமார் 300 கிலோமீற்றர் வான் வண்டியில் கால்களைத் தொங்கவிட்டபடி இரவு முழுவதும் வந்திருப்பார்கள். விமான நிலையத்தில் காத்திருப்பையும் சேர்த்தால், வீட்டுப் படலையைத் தாண்டியதிலிருந்து ஏறத்தாழ ஒரு முழு நாள் கால்கள் மடங்கியே இருக்கின்றன. மருத்துவர் என்ற வகையில் நான் கணக்கிடுவது இந்த நேரத்தைத்தான்.

கெண்டைக்காற் தசை சுருங்கி விரியும்போதே கால் நாளங்களின் இரத்தம் மேலேறுகிறது. அது அசையாதிருந்தால் இரத்தம் தேங்கி உறையக்கூடும். நான்கு மணித்தியாலமோ அதற்கு மேலோ அசையாது அமர்ந்து செல்லும் பயணம், பேருந்தாயினும் விமானமாயினும், இந்த ஆபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆரோக்கியமானவருக்கு அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவர் என்ற அளவே. அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும், புற்றுநோய் உள்ளவர்களுக்கும், முன்பு காலில் இரத்தம் உறைந்தவர்களுக்கும் அதைவிடக் கூடுதல்.

நம் அம்மாமாரிடம் நான் காணும் ஒரு பழக்கம் உண்மையாகவே கவலை தருகிறது. பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டும், விமானக் கழிவறையில் சேலையோடு சிரமப்பட அஞ்சியும், முதல் நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். ஈரப்பதன் மிகக் குறைந்த விமானத்துள் இது நல்லதல்ல. நடைபாதையோர இருக்கையைப் பிள்ளைகள் முன்கூட்டியே கேட்டு எடுத்துக்கொடுத்தால், எழுந்து நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் தானாகவே நடக்கும். இருக்கையில் குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கியும், விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்கியும் அடிக்கடி அசைக்க வேண்டும். வான் வண்டியிலும் இதையே செய்யலாம். அயலவர் சொன்னார் என்று ஆஸ்பிரின் குளிசை போட வேண்டாம்.

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர்கள், மேற்கே செல்லும் அந்த நாள் அவர்களுக்கு ஐந்தரை மணித்தியாலம்வரை நீளும் என்பதையும், திரும்பும் நாள் அவ்வளவு சுருங்கும் என்பதையும் மனதிற்கொண்டு, விமானம் ஏறும் இறங்கும் நேரங்களை இலங்கை நேரத்தில் எழுதி வைத்தியரிடம் காட்டி ஊசி நேரத்தை முடிவுசெய்ய வேண்டும். இன்சுலினைக் கைப்பையிலேயே வைக்கவும். கீழே பொதியில் போட்டால் உறைந்து பயனற்றுப் போகலாம். விமானத்துள் காற்றழுத்தம் நுவரெலியா அளவுக்கோ அதற்கும் சற்று உயரமான இடத்தின் அளவுக்கோ குறைவாக இருக்கும் என்பதால், சில அடி நடந்தாலே மூச்சு வாங்கும் இருதய, நுரையீரல் நோயாளர் பயணச்சீட்டு எடுக்குமுன்பே பரிசோதிக்கப்பட வேண்டும்.

பயணம் முடிந்து சில வாரங்கள்வரை, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அலைச்சல் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அவசரப் பிரிவுக்கே போய், விமானத்தில் வந்த திகதியை முதலில் சொல்லுங்கள்.