ஊறும் நீரின்மேல் வானவில் நிறம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் சென்னையின் தாழ்வான பகுதிகளில் நிலத்தடி நீர் ஏறி நிற்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் காலி மனையிலும் கார் நிறுத்தும் அடித்தளத்திலும் தண்ணீர் ஊறும். அதன்மேல் வானவில் நிறத்தில் படலம் மின்னினால், "எண்ணெய் கசிகிறது சார், உடனே வாருங்கள்" என்று நிலத்தடி நீர் ஆய்வாளர்களான எங்களுக்கு அழைப்பு வரும்.

போனதும் ஒரு குச்சியால் அந்தப் படலத்தை மெல்லக் கீறுவேன். அது கண்ணாடிச் சில்லு போலக் கோணலாக உடைந்து, துண்டுகள் ஒட்டாமல் மிதந்தால் பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியாவின் வேலைதான். காற்றுப் படாத மண்ணில் கரைந்திருந்த இரும்பு மேலே வந்து துருவாகிறது. அந்த மாற்றத்தில் கிடைக்கும் ஆற்றலில் இவை வாழ்கின்றன. அருகே காவி நிறத்தில் வழவழப்பான படிவும் இருக்கும். பொதுவாக நோய் தராது, குழாயைத்தான் அடைக்கும்.

கீறிய இடம் சுழன்று மூடிக்கொண்டால் அது எண்ணெய். அதிலும் பெட்ரோல், டீசல் வாடை அடித்தால் நான் கவலைப்படுவேன். அசாமின் திக்பாயில் எண்ணெய் தானாகவே ஊறியது உண்மை. அதற்குப் படிவுப்பாறை வேண்டும். பல்லாவரத்தின் அடியில் இருப்பதோ, பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான சார்னோக்கைட் என்ற பாறை. அங்கே எரிபொருள் மிதந்தால், தொட்டியோ குழாயோ எங்கோ ஒழுகுகிறது என்றுதான் தேட வேண்டும். வடசென்னையின் தண்டையார்பேட்டையில் 2013இல் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் வந்ததற்கும் குழாய்க் கசிவே காரணம். இப்படிப்பட்ட இடத்தில் மோட்டாரைப் போடாதீர்கள்: தீப்பொறி ஆபத்து ஒருபுறம், இறைக்க இறைக்க எண்ணெய் கிணற்றை நோக்கி நகர்வது மறுபுறம். தீயணைப்புத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சொல்லுங்கள்.

குமிழி வந்தால் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம்தான் என்னை மிகவும் பதற வைக்கிறது. சதுப்பு மண்ணில் மட்கும் பொருளிலிருந்து மீத்தேன் வரும். அதற்கு வாடை கிடையாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தாலே தீப்பற்றும். தூர்வாருமுன் கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பதும் இதனால் ஆபத்தே. வாயு அளக்கும் கருவியால் சோதிக்காமல் உறைகிணற்றில் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கிவிட்டால், தூக்குவதற்காக அடுத்தவர் இறங்க வேண்டாம், 101க்கு அழையுங்கள்.