நுண்துகளுக்கு அரசு வகுத்த வரம்பு: தெருவுக்கு உண்டு, அடுப்படிக்கு இல்லை

காற்றில் மிதக்கும் நுண்துகள் எவ்வளவு வரை இருக்கலாம் என்பதற்கு இந்தியாவில் சட்டப்படியான வரம்பு உண்டு. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009 நவம்பர் 18 அன்று வெளியிட்ட அறிவிக்கை பன்னிரண்டு மாசுப் பொருள்களுக்கு உச்ச அளவை வகுத்தது. அந்தப் பட்டியலில் கந்தக டை ஆக்சைடு முதல் ஈயம், பென்சீன் வரை இருந்தாலும், நாம் நாள்தோறும் மூச்சில் இழுக்கும் மாசைப் பேசும்போது முதலில் நிற்பவை, ஆங்கிலச் சுருக்கத்தில் பி.எம். எனப்படும் இரண்டு வகைத் துகள்களே. பத்து மைக்ரோமீட்டருக்கு மிகாத விட்டம் உடையது பி.எம். 10, இரண்டரை மைக்ரோமீட்டருக்கு மிகாதது பி.எம். 2.5. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் இவற்றின் சிறுமை விளங்கும். சாலைப் புழுதியும் கட்டுமானத் தூசியும் பெரும்பாலும் பருமனான துகள்கள். அவற்றில் பெரும் பகுதியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகின்றன. விறகு, குப்பை, டீசல் ஆகியவற்றின் புகையில் இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகை. அவை நுரையீரலின் காற்றுச் சிற்றறை வரை செல்கின்றன, மிகச் சிறியவை அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கின்றன.

அறிவிக்கையின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கும், 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கும் மிகக் கூடாது. பி.எம். 10-க்கு இவ்வளவுகள் முறையே 60, 100. ஆண்டுச் சராசரி என்று சொல்ல வேண்டுமானால், ஓரிடத்தில் வாரத்துக்கு இருமுறை வீதம் ஆண்டில் குறைந்தது 104 முறை அளந்திருக்க வேண்டும். 24 மணி நேர வரம்பை ஆண்டின் 98 விழுக்காட்டு நேரத்தில் காத்தாக வேண்டும். எஞ்சிய இரண்டு விழுக்காட்டில் மீறலாம், ஆனால் அடுத்தடுத்த இரு அளவீட்டு நாட்களில் மீறக் கூடாது. நாள்தோறும் அளக்கும் நிலையம் ஒன்றுக்கு இது ஆண்டில் ஏறத்தாழ ஏழு நாட்கள் என்று கணக்காகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பி.எம். 2.5-க்குப் பரிந்துரைத்த ஆண்டு அளவு 5 மைக்ரோகிராம் மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதாவது நம் சட்ட வரம்புக்குள் அடங்கிய காற்றும், அந்த அளவுகோலின்படி எட்டு மடங்கு வரை மாசு கொண்டதாக இருக்கக்கூடும்.

இந்த அறிவிக்கையில் அதிகம் பேசப்படாத ஒரு நன்மை உண்டு. 1994-ஆம் ஆண்டின் முந்தைய விதியில் தொழிற்பகுதிக்கு ஒரு வரம்பும் குடியிருப்புப் பகுதிக்கு வேறொரு வரம்பும் இருந்தன, பி.எம். 10 வகைத் துகளுக்குக் குடியிருப்பில் ஆண்டு அளவு 60 என்றால், தொழிற்பகுதியில் 120 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய நிலை. ஆலைகளை ஒட்டி வாழ்வோரின் நுரையீரல் இருமடங்கு தாங்கும் என்று கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை. 2009-இல் அந்த வேறுபாடு நீக்கப்பட்டதால், இன்று சென்னையில் ஆலைகள் நிறைந்த மணலியில் வாழ்பவருக்கும் குடியிருப்புப் பகுதியான வேளச்சேரியில் வாழ்பவருக்கும் சட்டம் உறுதியளிக்கும் காற்று ஒன்றே.

கைப்பேசியில் நாம் காணும் காற்றுத் தரக் குறியீடு இந்த வரம்புகளிலிருந்து பிறந்ததே. 2014 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2015 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்ட இக்குறியீடு எட்டு மாசுப் பொருள்களைக் கணக்கில் கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு கணித்து, அவற்றுள் எது மிக மோசமோ அதையே அவ்விடத்தின் குறியீடாக அறிவிக்கிறார்கள். குறைந்தது மூன்று பொருள்களின் அளவீடு வேண்டும். அவற்றுள் ஒன்று கட்டாயம் நுண்துகளாக இருக்க வேண்டும். 50 வரை நன்று, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதமான மாசு, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை என ஆறு நிலைகள்.

இதைப் படிப்பதில் இரண்டு பிழைகள் பரவலாக நேர்கின்றன. குறியீடு 150 என்றால் காற்றில் 150 மைக்ரோகிராம் துகள் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர், உண்மையில் பி.எம். 2.5 ஏறத்தாழ 75 மைக்ரோகிராமாக இருக்கும்போதே குறியீடு 150-ஐத் தொட்டுவிடும். இரண்டாவது பிழை இன்னும் முக்கியமானது. நுண்துகளுக்கான குறியீடு கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. இந்த நிமிடத்தின் காற்று அன்று. போகியன்று விடியற்காலையில் தெருவெங்கும் பழைய பொருள்களைக் கொளுத்தும்போது, முந்தைய நாளின் தெளிந்த காற்றும் சேர்ந்து கணக்கிடப்படுவதால், கண் எரியும் வேளையிலும் எண் அடங்கியே தெரியலாம். புகை கலைந்த பிறகும் எண் இறங்காமல் நிற்கலாம். ஆகவே ஆஸ்துமா உள்ளவர்கள் சராசரியை மட்டும் நம்பாமல், மத்திய வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணிவாரியான போக்கையும் பார்ப்பது நல்லது. சென்னையில் ஆலந்தூர், மணலி, வேளச்சேரி, அரும்பாக்கம், ராயபுரம், பெருங்குடி, கொடுங்கையூர் ஆகிய இடங்களில் தொடர் அளவீட்டு நிலையங்கள் உள்ளன.

வரம்பை மீறிய நகரங்களுக்காக 2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழகத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கு நகரங்கள் இதில் அடங்கும். பி.எம். 10 அளவை 2025-26-க்குள் 40 விழுக்காடு வரை குறைப்பது, அல்லது சட்ட வரம்பை எட்டுவது என்று இலக்கு வகுக்கப்பட்டது. நகரங்களின் முன்னேற்றம் பி.எம். 10 கொண்டே அளக்கப்பட்டதால் சாலைப் புழுதியை அடக்கும் வேலைகளே முன்னுரிமை பெறும் என்பதும், உடலுக்குக் கூடுதல் கேடு தரும் புகைத் துகள் பின்னுக்குத் தள்ளப்படும் என்பதும் இத்திட்டத்தின் பெருங்குறை என்று கருதுகிறேன்.

தூய காற்று வாழ்வுரிமையின் ஒரு கூறு என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. தெருவில் குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் இழப்பீடு விதிக்கத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. உள்ளாட்சி அமைப்பிடமும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திடமும் புகார் அளித்துப் பயனில்லையெனில், சென்னையிலுள்ள தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். சூழல் தொடர்பான பிணக்குக்கு, அது முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், இழப்பீடு கோருவதானால் ஐந்து ஆண்டுக்குள்ளும் மனு செய்ய வேண்டும். புகாரின் நகலையும் தேதியிட்ட படங்களையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்ன எதுவும் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. 2009 அறிவிக்கை வெளிக் காற்றுக்கு மட்டுமானது; வீட்டுக்குள் இருக்கும் காற்றுக்கு இத்தகைய சட்ட வரம்பு நாட்டில் அறிவிக்கப்படவில்லை. பொது இடங்களிலும் பணியிடங்களிலும் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் நடப்பிலுள்ள தடை, கூரைக்குக் கீழுள்ள காற்றுக்கு நம்மிடம் உள்ள தெளிவான விதிகளுள் ஒன்று. சன்னல் இல்லாத சமையலறையில் விறகடுப்பை ஊதுகுழல் கொண்டு ஊதிக்கொண்டிருக்கும் பெண்ணின் முகத்தருகே எவ்வளவு துகள் இருக்கிறது என்று எந்த நிலையமும் அளப்பதில்லை, எந்தக் குறியீடும் சொல்வதில்லை. சுவரிலும் உத்தரத்திலும் படிந்திருக்கும் கரியே அங்கு அளவீடு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்த அடுப்படியில் நாளின் பல மணி நேரம் இருப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பிலிருக்கும் குழந்தைகளும் என்பதே.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும் உரிமையாகப் பிரதம மந்திரி உஜ்வலா திட்டத்தைக் கொள்ளலாம். 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், 18 வயது நிறைந்த, ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில், வைப்புத்தொகை இன்றிச் சமையல் எரிவாயு இணைப்பு வழங்கப்படுகிறது. அந்தக் குடும்பத்தில் எவர் பெயரிலும், எந்த எண்ணெய் நிறுவனத்திலும் இணைப்பு இருக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் வந்த இரண்டாம் கட்டத்திலிருந்து அடுப்பும் முதல் உருளையும் இலவசம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு விவரங்களோடு அருகிலுள்ள எரிவாயு முகவரிடமோ இணையவழியிலோ விண்ணப்பிக்கலாம். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்களிடம் குடும்ப அட்டையும் முகவரிச் சான்றும் இல்லாவிட்டால், அவர்கள் தாமே எழுதித் தரும் உறுதிமொழி போதும்.

இணைப்பு கிடைத்த பின் எழும் கேள்வி அடுத்த உருளைக்கான பணம். பயனாளிக்கு 14.2 கிலோ உருளைக்கு 2022 மே முதல் 200 ரூபாயும், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் மானியமாக வங்கிக் கணக்கில் சேர்கிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு உருளை வரை இருந்த இச்சலுகை 2025-26-இல் ஒன்பதாகக் குறைக்கப்பட்டது. முழு விலையை முதலில் செலுத்திய பிறகே மானியம் வந்து சேரும் என்பதால், கையில் பணமில்லாத வாரத்தில் குடும்பம் மீண்டும் விறகுக்குத் திரும்புகிறது. நாளில் ஒரு வேளை விறகு மூட்டினாலும் சமையலறைக் காற்று கெட்டுவிடும். இத்தகைய குடும்பங்களுக்கு ஐந்து கிலோ உருளையைத் தெரிவு செய்யும் வாய்ப்பு இத்திட்டத்திலேயே இருக்கிறது; ஒரு முறை செலுத்த வேண்டிய தொகை குறையும், மானியமும் எடைக்கேற்பக் கிடைக்கும். முகவர் தாமாகச் சொல்லாவிட்டாலும், விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டுப் பெறலாம்.