மங்கலை வெல்லும் இரண்டாவது ஆண்டெனா

கோபுரத்திலிருந்து புறப்படும் ரேடியோ அலை கைப்பேசியை ஒரே வழியில் வந்தடைவதில்லை. சுவர், தரை, வாகனம் என எதிர்ப்பட்டவற்றில் எல்லாம் பட்டுத் தெறித்து, வெவ்வேறு தூரம் கடந்த பல அலைகளாக வந்து சேர்கிறது. அவற்றின் முகடுகள் ஒன்றுகூடும் இடத்தில் சிக்னல் வலுக்கிறது. முகடும் அகடும் சந்திக்கும் இடத்தில் கிட்டத்தட்ட அழிந்தே போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்தான் என்பதால், கருவியைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே நிலைமை மாறிவிடும். இதையே மங்கல் என்கிறோம்.

அனுப்பும் திறனைக் கூட்டி மங்கலைச் சமாளிப்பது பெரும் விரயம். நேர்ப்பாதை இல்லாத சூழலுக்குப் பொருந்தும் ராலே மாதிரியின்படி, சிக்னலின் திறன் அதன் சராசரியில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே சரிவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு. ஒற்றை ஆண்டெனாவை வைத்துக்கொண்டு இதை 0.01 விழுக்காடாகக் குறைக்க, திறனை 100 மடங்கு உயர்த்த வேண்டும். ஆனால் தனித்தனியே மங்குகிற இரண்டு ஆண்டெனாக்கள் இருந்தால், இரண்டும் ஒருசேரச் சரிவதற்கான வாய்ப்பு, திறனைக் கூட்டாமலேயே, பத்தாயிரத்தில் ஒன்றாகிவிடும். ஒரே சிக்னலைத் தனித்தனியே மங்கும் பல வழிகளில் பெறும் பன்முக (diversity) நுட்பங்கள் அனைத்தும் இந்தப் பெருக்கல் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

கணக்கு பலிக்க வேண்டுமானால் ஒன்றின் மங்கல் மற்றொன்றைச் சாராதிருக்க வேண்டும். வடிவமைப்பாளரின் உண்மையான தலைவலி இதுதான். எல்லாத் திசைகளிலிருந்தும் தெறிப்பலைகள் சூழும் கைப்பேசிக்கு அரை அலைநீள இடைவெளி போதும். உயரத்தில் நிற்கும் கோபுரத்துக்கோ, அலைகள் குறுகிய கோணத்துக்குள்ளிருந்தே வருவதால், பல அலைநீள இடைவெளி தேவைப்படுகிறது. அதற்கு இடமில்லாதபோது, மின்புலம் அதிரும் திசை +45, −45 பாகையாகச் சாய்ந்த இரு ஆண்டெனாக்களை ஒரே உறைக்குள் அடக்கிவிடுகிறார்கள். நேரத்தையும் அதிர்வெண்ணையும்கூட இவ்வாறு பயன்படுத்தலாம்: அதிர்வெண் தாவல் இயக்கப்பட்ட ஜிஎஸ்எம் (2ஜி கைப்பேசி) வலையமைப்பில் அழைப்பு நொடிக்கு ஏறத்தாழ 217 முறை அலைவரிசை மாறுவதால், ஒரே மங்கலில் அது நெடுநேரம் சிக்கிக்கொள்வதில்லை.

இப்படிப் பல வழிகளில் பெற்ற சிக்னல்களுள் வலுவானதை மட்டும் தேர்ந்தெடுப்பது எளிய முறை. முகடுகள் ஒன்றுகூடும்படி ஒவ்வொன்றின் கட்டத்தையும் (phase) சீராக்கி, வலுவானதற்குக் கூடுதல் எடையும் நலிந்ததற்குக் குறைந்த எடையும் தந்து கூட்டுவது அதைவிடச் சிறந்தது. அப்போது தனித்தனி சிக்னல்-இரைச்சல் விகிதங்களின் கூட்டுத்தொகையே இறுதி விகிதமாகக் கிடைக்கிறது.

கைப்பேசியில் இரண்டாவது ஆண்டெனாவுக்கு இடமில்லையென்றால் அதைக் கோபுரத்தில் வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஒரே சிக்னலை இரு ஆண்டெனாக்களிலிருந்தும் அப்படியே அனுப்பினால், அவை வழியிலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளக்கூடும். 1998-இல் சியாவாஷ் அலமூட்டி இதற்கு மிக நேர்த்தியான விடையைத் தந்தார். முதல் கணத்தில், தரவைச் சுமக்கும் இரு குறியீடுகளை ஆண்டெனாவுக்கு ஒன்றாக அனுப்ப வேண்டும். அடுத்த கணத்தில் அவற்றை இடம்மாற்றி, இணையெண்களாக்கி (அதாவது கட்டக் கோணத்தை எதிராக்கி), ஒன்றின் கூட்டல்-கழித்தல் குறியை மட்டும் எதிர்மாற்றி அனுப்ப வேண்டும். இரு கணங்களில் கிடைத்தவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் பெறுகருவி, இரு குறியீடுகளையும் கலப்பின்றிப் பிரித்தெடுக்கும். கோபுரம் பாதையின் நிலையை அறிந்திருக்க வேண்டியதும் இல்லை. மொத்தத் திறனை இரு ஆண்டெனாக்களும் பங்கிட்டுக்கொள்வதால், பெறுமுனையில் இரண்டை வைத்து எடையிட்டுக் கூட்டுவதோடு ஒப்பிட்டால், 3 டெசிபெல் (ஏறத்தாழ பாதித் திறன்) மட்டும் இழப்பாகிறது.