லுபுகா: ‘ராணி சகோதரி’ அல்லள், உடன்பிறப்பரசி

இன்றைய உகாண்டாவிலுள்ள புகாண்டா அரசின் மன்னர் முதலாம் முட்டேசாவைப் (ஆட்சி 1856–1884) பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘ராணி தாய்’, ‘ராணி சகோதரி’ என்ற சொற்கள் ஓயாமல் வருகின்றன. இரண்டுமே பிழை.

புகாண்டா மக்களின் லுகண்டா மொழியில் மன்னர் கபாகா. அவர் தாய் நமசோலே. தந்தைவழியில், வேறொரு தாய்க்குப் பிறந்து, அவருடன் பட்டம் கட்டிக்கொள்ளும் சகோதரி லுபுகா. மூவருமே ‘கபாகா’ என்று அழைக்கப்படும் உரிமை உடையவர்கள். சொற்பொருள் இவ்வளவே.

தமிழில் ‘ராணி தாய்’ என்றால் ராணியின் தாய், அதாவது மன்னரின் மாமியார். ‘ராணி சகோதரி’ அவருக்குக் கொழுந்தியாள் ஆகிவிடுகிறாள்! இது ஆறாம் வேற்றுமைத்தொகையாக விரிவதால் வரும் கேடு. ஆங்கிலச் சொல்வரிசையை அப்படியே இறக்கி வைப்பவர்கள் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே இது புலப்படும். தாயாகிய அரசி ‘தாயரசி’. உடன்பிறப்பாகிய அரசி ‘உடன்பிறப்பரசி’. நீளம்தான், ஆனால் உறவு குழம்பாது.

‘ராஜமாதா’ போதாதா என்பர். அது மன்னரின் நிழலில் இருக்கும் மூதாட்டியைக் காட்டுகிறது. முட்டேசாவின் தாய் முகன்ஸிர்வாஸ்ஸாவுக்கோ தனிக்குன்றில் அரண்மனையும் தனிக் கட்டிக்கிரோவும் (தலைமை அமைச்சர்) இருந்தன. 1862இல் வந்த பிரிட்டிஷ் பயணி ஸ்பீக் இரண்டு அவைகளிலும் தனித்தனியே காத்துக் கிடந்தார். புகாண்டாவில் அரச குலம் என்று தனியாக ஒன்று இல்லை. இளவரசர் தாயின் குலத்தையே சேர்வர். தாய் பிறந்த குலத்தின் வலிமை அரியணைப் போட்டியில் எடையாக நின்றது. அந்த அதிகாரத்தைச் சொல்ல ‘அரசி’ என்ற சொல் கட்டாயம் வேண்டும்.

லுபுகாவைப் ‘பட்டத்தரசி’ என்பது இன்னும் மோசம். நம் வழக்கில் பட்டத்தரசி இளவரசனைப் பெறுபவள்; லுபுகாவுக்குப் பிள்ளைப்பேறே விலக்கு. மனைவியரில் முதன்மை பெற்றவள் கட்டுலுபாலே. பட்டத்தரசி என்ற சொல்லை அவளுக்கு விட்டுவிடலாம். ‘மகாராணி’ யாருக்கும் வேண்டாம். தாய், சகோதரி, மனைவி எல்லோரையும் அது ஒரே ஆளாக்கிவிடும்.

மன்னர் இறந்தபின் லுபுகா ‘நாலிஞ்ஞா’ என்ற பட்டத்தோடு அவர் கல்லறையைக் காப்பவளாகிறாள். 1882இல் கட்டிய முட்டேசாவின் கசூபி அரண்மனை 1884 முதல் கல்லறையானது. அங்கும் இப்பொறுப்பு உண்டு. நாலிஞ்ஞாவை ‘விதவை ராணி’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். காப்பவள் மனைவி என்ற முறையில் அங்கே இல்லை, உடன்பிறந்தவள் என்ற முறையிலேயே இருக்கிறாள்.