அண்டர்கவர் போலீஸ் தலைமறைவு ஆவது எப்படி?

‘தலைமறைவு அதிகாரிகள் அவனுடன் நட்பாகப் பழகி ஒப்புதலைப் பெற்றனர்.’ கனடாக் கொலை வழக்கு ஒன்றைப் பற்றிய ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் வந்த வாக்கியம் இது. வேறு ஆளாக வேடமிட்டுப் பழகி உளவறியும் ‘அண்டர்கவர்’ போலீசுக்கு வைத்த மொழிபெயர்ப்பாம். இதே ‘தலைமறைவு அதிகாரி’யை யூடியூபில் குற்றக் கதை சொல்லும் தம்பிமார் வாயிலும் பலமுறை கேட்டாயிற்று. இனியும் சும்மா இருந்தால் அகராதியிலும் ஏறிவிடும்.

தமிழில் தலைமறைவாக இருப்பவர் யார்? போலீசுக்குப் பயந்து ஓடி ஒளிந்தவர். ‘தலைமறைவாக இருந்த ரவுடி களக்காடு அருகே கைது’ என்று நம்மூர்ப் பத்திரிகையில் வாரம் ஒரு செய்தி வருகிறது. இந்தச் சொல்லுக்கு மரியாதையான பக்கமும் உண்டு. 1948-இல் கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டபோது தாமிரபரணிக் கரை ஊர்களில் பதுங்கி இயக்கம் நடத்தியவர்களின் ‘தலைமறைவு வாழ்க்கை’ பற்றி, அவர்கள்மேல் போடப்பட்ட நெல்லைச் சதி வழக்கை அறிந்த பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். இரண்டு வகையிலும் மறைபவர் போலீசிடமிருந்துதான் மறைகிறார். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த, ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். “நல்லாருக்கே அண்ணாச்சி! தலைமறைவா இருக்கவனத் தேடிப் பிடிக்கதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம். நாங்களே தலைமறைவாப் போயிட்டா எங்கள எவன் வந்து பிடிப்பான்?” என்றார்.

பிழை பிறந்த இடம் எளிது. ஆங்கிலத்தில் ‘அண்டர்கிரவுண்ட்’ வேறு, ‘அண்டர்கவர்’ வேறு. முன்னதற்குத்தான் தலைமறைவு. இரண்டிலும் ‘அண்டர்’ இருக்கிறது என்று ஒரே சொல்லால் மூடிவிட்டார்கள்.

அண்டர்கவரின் பிறப்பு பெரிய கதையில்லை. போர்வைக்குக் கீழே என்பது நேர்ப்பொருள். உளவு சார்ந்த பொருள் 20-ஆம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. நாமும் ‘வியாபாரி என்ற போர்வையில்’, ‘சாமியார் போர்வையில்’ என்று சொல்கிறோம், ஆனால் திருடனைப் பற்றி மட்டும். இங்கே போலீஸ்காரர்களே பேசும் சொல் மப்டி. பிரிட்டிஷ் ராணுவத்தார் சீருடையில்லாத உடைக்கு வைத்த பட்டப்பெயர் அது. அரபிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். மேலப்பாளையத்தில் முப்தி என்றால் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் அறிஞர்; ஆற்றைத் தாண்டி ஜங்ஷனுக்கு வந்தால் மப்டி என்பது வேட்டி கட்டிய போலீஸ். மப்டியில் இருப்பவர் சீருடையை மட்டும் கழற்றியவர். ‘நீங்க யாரு?’ என்று கேட்டால் போலீஸ் என்று சொல்லிவிடுவார். அண்டர்கவர் ஆள் சொல்ல மாட்டார். வேறொருவனாகவே மாதக்கணக்கில் வாழ்வார்.

அப்படி வாழ்ந்து கொலை வழக்கில் ஒப்புதல் வாங்கும் முறைக்குக் கனடாவில் ‘மிஸ்டர் பிக்’ என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வளர்ந்தது. சந்தேகத்துக்குரிய ஆள் இருக்கிறான், ஆதாரம் இல்லை. அவனைக் கொஞ்ச நாள் கண்காணிக்கிறார்கள். பிறகு ‘தற்செயலாக’ ஒருவர் அறிமுகமாகிறார். சின்னச் சின்ன வேலை கிடைக்கிறது: இந்தக் காரை அங்கே கொண்டு விடு, இந்தப் பொட்டலத்தை அவரிடம் கொடு. கையில் காசு, நல்ல ஓட்டல், புதுச் சிநேகிதர்கள். மெல்ல மெல்ல, இது பெரிய குற்றக் கும்பல் என்று அவனுக்குப் புரிகிறது. கும்பலில் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: நம்பிக்கை, உண்மை, விசுவாசம். கடைசியில் தலைவரின் முன்னால் நேர்காணல். ‘உன்மேல் பழைய வழக்கு இருக்கிறதாமே, உண்மையைச் சொல், நான் சரிக்கட்டித் தருகிறேன்’ என்கிறார் தலைவர். அவன் சொல்கிறான். மறைவான கேமராவில் பதிவாகிறது. அறிமுகமான சிநேகிதன் முதல் தலைவர் வரை எல்லாரும் போலீஸ்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? ‘திரு. பெரியவர் நடவடிக்கை’ என்று ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். எங்கள் பக்கம் பெரியவர் என்றால் திண்ணையில் வெற்றிலை இடிக்கும் தாத்தா. ஆங்கிலத்தில் ‘பிக்’ வந்தால் ‘பெரிய’, ‘மிஸ்டர்’ வந்தால் ‘திரு’ என்று கூலிக்கு மாரடிப்பவர்களுக்கு, பெரும்புள்ளி என்ற சொல் நம்மிடம் இருப்பது ஏன் நினைவுக்கு வரவில்லை?

இவர்களை மன்னித்துவிடலாம். எனக்கு உண்மையான வழக்கு என் நண்பரான தமிழாசிரியருடன்தான். தனித்தமிழில் பிடிப்புள்ளவர், படித்தவர். அண்டர்கவருக்கு அவர் வைத்திருப்பது ‘கமுக்கக் காவலர்’. ‘இரகசியம் வடசொல், கமுக்கம் நம் சொல், பேச்சிலும் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?’ என்று கேட்கிறார். வடசொல்லைத் தள்ளுவதில் எனக்கு மறுப்பே இல்லை. கமுக்கம் பேச்சில் இருப்பதும் உண்மை. அதுதான் சிக்கலே. பேச்சில் இருக்கும் சொல் தன் பொருளையும் தூக்கிக்கொண்டு வரும். ‘பய கமுக்கமா இருந்துட்டான்’ என்றால் வாயைத் திறக்கவில்லை என்று அர்த்தம். வீட்டில் சண்டை நடக்கும்போது மூலையில் கமுக்கமாக உட்கார்ந்து இட்லியைத் தின்று முடிப்பவன் ஒருவன் இருப்பான் அல்லவா, அவனுக்குரிய சொல் அது. அண்டர்கவர் ஆள் வாயைத் திறக்காவிட்டால் வேலை நடக்குமா? அவருடைய தொழிலே பேச்சு. ராத்திரி முழுக்கக் காரில் கூட வந்து குடும்பக் கதை பேசி, கடன் கதை பேசி, தானே ஒருவனை அடித்த கதை புனைந்து சொல்லி, எதிராளியின் வாயைக் கிண்டுகிறவர் எப்படிக் கமுக்கமானவர் ஆவார்?

நண்பர் விடவில்லை. ‘சரி, வள்ளுவரே ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறாரே’ என்றார். 59-ஆம் அதிகாரம். வைத்திருக்கிறார்தான். ஆனால் பரிமேலழகர் அதற்கு ஒற்றரை ஆளுதல் என்றல்லவா பொருள் சொல்கிறார்? அது ஒற்றரை அனுப்புகிற அரசனின் வேலை. இன்றைய கணக்கில், அலுவலகத்தில் இருந்தபடி ஆளை இயக்கும் உயரதிகாரியின் வேலை. ஒற்று என்ற சொல்லோ ஆளையும் குறிக்கும், செயலையும் குறிக்கும், நல்ல சொல். தொல்காப்பியத்தில் வெட்சித் திணைத் துறைகளைச் சொல்லும்போதே ‘புடைகெட ஒற்றின் ஆகிய வேயே’ என்று ஒற்றும் வேயும் சேர்ந்து வந்துவிடுகின்றன. ஆநிரை கவரப் போவதற்கு முன் ஆள் விட்டுப் பார்த்துவருவது வேய். நாம் வேவு என்கிறோம். (மூங்கிலுக்கும் வேய் என்று பெயர், வேணுவனமான எங்கள் ஊரில் நெல்லையப்பருக்கே வேய்முத்தர் என்று பெயர். அது தனிக் கதை.) வேவு பார்ப்பவன் நடப்பதைப் பார்க்கிறான், கேட்கிறான், வந்து சொல்கிறான். மிஸ்டர் பிக்கில் பார்ப்பதற்கு ஒன்றும் கிடையாது. கொலை எப்போதோ முடிந்துவிட்டது. ஒருவன் நெஞ்சுக்குள் இருப்பதை, அல்லது இருப்பதாகப் போலீஸ் நம்புவதை, வெளியே வரவழைக்க வேண்டும். வேவு மட்டும் போதாது.

‘பொறி வைத்துப் பிடித்தனர்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. பொறி நமக்கு நன்றாகப் பழகிய சொல். லஞ்ச ஒழிப்புப் போலீஸ் ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொடுத்தனுப்பி, தாலுகா ஆபீசில் கையும் களவுமாகப் பிடிக்கிறார்களே, அது பொறி. அங்கே குற்றம் கண்ணெதிரே நடக்கிறது. நடந்து முடிந்த கொலைக்குப் பொறி வைக்க முடியாது. இங்கிலாந்தில் 1992-இல் விம்பிள்டனில் நடந்த கொலையில், சந்தேகப்பட்ட ஆளிடம் ஒரு பெண் போலீஸைக் காதலிப்பதுபோல் பழகவிட்டார்கள். மாதக்கணக்கில் பழகியும் அவர் கொலையை ஒப்புக்கொள்ளவில்லை. 1994-இல் நீதிபதி அந்தச் சான்றையே தள்ளிவிட்டார். உண்மையான கொலையாளி வேறு ஆள் என்பது 2008-இல் தெளிவானது. அதைப் ‘பொறி’ என்றால் எலி ஏற்கெனவே இருந்தது என்று பொருளாகிவிடும். இல்லாத எலிக்கு எத்தனை தேங்காய்ச் சில்லு வைத்து என்ன?

அதனால்தான் நான் சொல்வது: நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் ‘போட்டு வாங்குதல்’. பள்ளிக்கூடம் போகாமல் சுற்றிய பயலிடம் அம்மா என்ன செய்கிறாள்? “ஏல, நேத்து ஜங்ஷன்ல நின்னியாமே, மாமா பாத்தாவளாம்” என்று ஒன்றைப் போடுகிறாள். மாமா பார்க்கவே இல்லை. பயல் “மாமா எங்க பாத்தாவ? நான் தியேட்டருக்குள்ளல்லா இருந்தேன்!” என்று உளறிவிடுகிறான். போட்டது பொய், வாங்கியது மெய். சில நேரம் போட்டதும் பொய், வாங்கியதும் பொய். அம்மா விடாமல் துளைத்தால், போகாத தியேட்டருக்கும் போனேன் என்று சொல்லித் தப்பிக்கிற பிள்ளைகள் உண்டு. ‘போட்டு’ என்ற வினையெச்சம் கேட்பவனை உடனே கேட்க வைக்கிறது: எதைப் போட்டாய்? எவ்வளவு போட்டாய்? அதற்காகத்தான் அவன் கொடுத்தானா?

கனடா உச்ச நீதிமன்றம் 2014-இல் ஹார்ட் வழக்கில் கேட்டதும் இதைத்தான். நியூஃபவுண்ட்லாந்தில் 2002-இல் இரட்டைப் பெண் குழந்தைகள் ஏரியில் மூழ்கி இறந்தனர். சந்தேகம் தந்தைமேல். அவர் அரசு உதவிப் பணத்தில் வாழ்ந்த, வெளியுலகப் பழக்கமே இல்லாத மனிதர். 2005-இல் அவரிடம் நடத்திய மிஸ்டர் பிக்குக்கு நான்கு மாதம், 63 காட்சிகள், 4,13,268 டாலர் செலவு. இத்தனையும் போட்டு வாங்கிய ஒப்புதலை நீதிமன்றம் ஏற்கவில்லை. இனி இப்படி வாங்கியது எதுவும் முதல் பார்வையில் செல்லாது, சான்றாக அதன் மதிப்பு அதனால் வரும் கேட்டைவிடப் பெரிது என்று அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும், போலீசின் நடத்தை வரம்பு மீறியிருந்தாலும் செல்லாது என்று விதி வகுத்தது. வெளியே தெரியாத தகவல் அந்தப் பேச்சில் இருக்கிறதா, அதைக்கொண்டு வேறு தடயம் கிடைத்ததா என்றும் பார்க்கச் சொன்னது. ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்’ என்று, ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக்கொண்டு சரிபார்க்கச் சொல்லும் குறளைக் கனடா நீதிபதிகள் படித்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் உயர்மன்றம் 2007-இலேயே இந்த முறையில் வாங்கிய ஒப்புதல்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆக என் கணக்கில், அண்டர்கவர் அதிகாரி ‘வேட ஒற்றர்’. ‘துறந்தார் படிவத்தர்’ ஆகி, அதாவது துறவி வேடத்தில், அலைகிற ஒற்றரை வள்ளுவரும் காட்டுகிறார், வேடம் புதிதில்லை. மிஸ்டர் பிக் ‘பெரும்புள்ளி நாடகம்’. அதில் கிடைப்பது ‘போட்டு வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம்’. நாடகம் என்ற சொல் ஏட்டையாவுக்குப் பிடிக்கவில்லை. “அது என்ன, போலீஸ்காரன் பொய் பேசுதாம்னு சொல்லுத மாதிரி இருக்கே” என்றார். பேசுகிறார் அல்லவா? காட்சி காட்சியாகத் திட்டமிட்டு, ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து நடத்துவதை வேறு எப்படிச் சொல்வது? கைதானவன் ‘நாடகமாடியது அம்பலம்’ என்று எழுதும்போது யாருக்கும் உறுத்தவில்லையே.

கடைசிச் சொல்லில் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்று முழுதாகப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒப்புதல் மட்டும் என்றால் அமைச்சர் திட்டத்துக்குக் கொடுப்பது. ஒப்புகை என்றால் தபால்காரர் கையெழுத்து வாங்கும் அட்டை. வாக்குமூலம் மட்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சியாகச் சொன்னதுகூட வாக்குமூலம்தான். நம் பத்திரிகைகளோ, கைதான மறுநாளே ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, கொலை நிரூபணமாகிவிட்டதுபோல் எழுதுகின்றன. போலீசிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. காவலில் இருப்பவர் சொன்னதைக்கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஏன் இவ்வளவு கறார் என்று, 2023-இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குப் போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாக எழுந்த புகாரைப் படித்த நெல்லைக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஏமாற்றிப் பெற்றது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்புதல் செல்லாமல் போகாது என்று நம் சட்டத்திலும் ஒரு வரி இருக்கிறது. ஆனால் கேட்டவர் போலீஸ் என்றால் அந்த வரி கைகொடுக்காது. தடை ‘காவல் அலுவலர் எவரிடமும்’ சொன்னதற்கு. அவர் சீருடையில் இருக்க வேண்டும் என்றோ, எதிராளிக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்றோ அதில் இல்லை. பெரும்புள்ளி நாடகம் இங்கே மேடை ஏறாததற்கு அதுவே போதும்.

நமக்கு வாய்த்த மேடை வேறு. கொலை வழக்குத் தீர்ப்புகளைப் புரட்டினால், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) நேராக விஏஓ ஆபீசுக்கு நடந்து போய், முன்பின் தெரியாத கிராம நிர்வாக அலுவலரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட காட்சி திரும்பத் திரும்ப வரும். விஏஓ போலீஸ் இல்லையே! ‘இவரிடம் போய் ஏன் சொன்னான்?’ என்று நீதிபதிகள் சந்தேகப்பட்ட தீர்ப்புகளும் உண்டு. இந்த வகை ஒப்புதலுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் ‘கூடுதல் நீதித்துறை வாக்குமூலம்’ என்று எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் அது ‘எக்ஸ்ட்ரா ஜுடிஷியல் கன்ஃபெஷன்’; ‘எக்ஸ்ட்ரா’ என்றால் கூடுதலாம். ‘நீதிமன்றத்துக்கு வெளியே சொன்ன ஒப்புதல்’ என்று எழுத அவருக்கு என்ன தடை என்று ஏட்டையாவும் கேட்கிறார்.