பச்சோந்தியின் கூண்டில் ஒட்டுண்ணிகள் பெருகுவது எப்படி?

யேமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியிலும் வாழும் யேமன் பச்சோந்தியை, அதன் தலையில் உயர்ந்து நிற்கும் கொண்டையைக் கொண்டே எளிதில் அடையாளம் காணலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பச்சோந்திகள் இதுவும் மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியும்தான். (நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது, அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.) இவற்றை வளர்ப்பவர்கள் விளக்கு, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றில் காட்டும் அக்கறையைக் கூண்டின் தரையில் விழும் எச்சத்தில் காட்டுவதில்லை. நோயின் பெரும்பகுதி அங்கிருந்துதான் மேலே ஏறி வருகிறது.

காட்டில் வாழும் பச்சோந்தி ஒன்றின் உடலில் ஒட்டுண்ணிகள் இருப்பது வியப்புக்குரியதே இல்லை. அது கிளையில் இருந்தபடி எச்சமிடுகிறது. எச்சம் பல அடி கீழே விழுந்து வெயிலில் காய்கிறது. பச்சோந்தியோ வேறு மரத்துக்குப் போய்விடுகிறது. எச்சத்தோடு வெளியேறிய முட்டைகளில் மிகச் சிலவே மீண்டும் ஒரு பச்சோந்தியின் வாயை அடைகின்றன. அதே விலங்கைக் கம்பிவலைக் கூண்டில் அடைத்தால் கணக்கு மாறிவிடுகிறது. எச்சம் ஓரிரு அடி கீழே, நாள்தோறும் தெளிக்கப்படும் நீரால் நனைந்து கிடக்கிறது. உணவாக விடப்பட்ட சுவர்க்கோழிகளில் தப்பியவை அந்த எச்சத்தின் மேல் நடக்கின்றன, அதைத் தின்னவும் செய்கின்றன. மறுநாள் அவை வலையில் ஏறி வரும்போது பச்சோந்தி நாக்கை நீட்டிப் பிடித்துக்கொள்கிறது.

இந்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வது காக்சிடியா என்னும் ஓரணு உயிரி. கோழி வளர்ப்போர் ரத்தக் கழிச்சல் என்று அஞ்சும் நோயை உண்டாக்குவதும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். யேமன் பச்சோந்தியின் குடலில் வாழும் ஐசோஸ்போரா ஜாராசிம்ர்மானி என்னும் இனம் 1995இல் விவரிக்கப்பட்டது. இதற்கு இடையில் வேறொரு விலங்கின் உதவி தேவையில்லை. எச்சத்தோடு வெளிவரும் அதன் கடினமான உறைக்கூடு அந்த நேரத்தில் தொற்றும் ஆற்றல் அற்றது. காற்றும் ஈரமும் வெப்பமும் கிடைத்தால் சில நாட்களில் அதற்குள் இரண்டு சிற்றறைகளும், ஒவ்வோர் அறையிலும் நான்கு தொற்றுயிர்களும் உருவாகிவிடுகின்றன. இப்படி முதிர்ந்த ஒரு கூட்டை விழுங்கினால் எட்டு உயிர்கள் குடலில் விடுதலை பெற்று, குடற்சுவரின் அணுக்களுக்குள் புகுந்து, பெருகி, அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவந்து அடுத்தடுத்த அணுக்களைத் தாக்குகின்றன. தொற்றுயிர் முதிர்வதற்கு எடுத்துக்கொள்ளும் அந்தச் சில நாட்கள்தான் வளர்ப்பவருக்குக் கிடைக்கும் இடைவெளி. அன்றாடம் எச்சத்தை அகற்றுபவர் முதிராத கூடுகளை அகற்றுகிறார். வாரம் ஒருமுறை அகற்றுபவரின் கூண்டிலோ அவை ஏற்கெனவே முதிர்ந்து சுவர்க்கோழியின் கால்களில் ஏறியிருக்கும்.

குடற்சுவர் சிதைந்தால் நீரும் சத்தும் உடலில் சேர்வதில்லை. கண்கள் உள்வாங்குகின்றன, வால் அடியும் தொடைகளும் மெலிகின்றன, எச்சம் இளகி நாறுகிறது, அதனுடன் வரும் யூரேட் என்னும் வெண்பகுதி மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறமாகவோ மாறுகிறது. ஆனால் பச்சோந்தி தன் நலிவை மறைத்துக்கொள்ளும் விலங்கு. பகல் வேளையிலேயே கண்களை மூடிக்கொண்டு கிளையில் சாய்ந்திருக்கும் நிலையில் அதைக் காணும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும். குஞ்சுகளுக்கு இத்தனை அவகாசம்கூடக் கிடைப்பதில்லை.

ஆகவே அறிகுறிக்காகக் காத்திராமல் எச்சத்தை ஆய்வு செய்வதே முறை. எச்சத்தை அடர்ந்த உப்பு அல்லது சர்க்கரைக் கரைசலில் கலந்தால் எடை குறைந்த முட்டைகளும் உறைக்கூடுகளும் மேலே மிதந்து வரும். அவற்றை நுண்ணோக்கியில் காணலாம். சாட்டை போன்ற இழையால் நீந்தும் ஓரணு உயிரிகளை இப்படிக் காண இயலாது. அவற்றுக்குச் சூடு ஆறாத புது எச்சம் வேண்டும். ஒட்டுண்ணிகள் எல்லா நாளும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை என்பதால், ஒருமுறை எதுவும் தெரியவில்லை என்று வந்த முடிவை நம்பிவிடக் கூடாது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: சுவர்க்கோழியின் குடலுக்கே உரிய புழுக்களின் முட்டைகள் பச்சோந்தியின் வயிற்றை வெறுமனே கடந்து வந்து, அதன் நோயாகப் பதிவாகிவிடுவதுண்டு. ஊர்வனவற்றில் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரை நாட வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

காட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட பாந்தர் பச்சோந்திகளில் ஃபோலியெல்லா என்னும் நீண்ட புழு தோலுக்கடியில் சுருண்டு கிடப்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அதன் நுண்புழுக்கள் ரத்தத்தில் சுற்றுகின்றன. அவற்றை மற்றொரு பச்சோந்திக்குக் கொண்டுசெல்லக் கொசு வேண்டும். பார்ப்பவரை நடுங்க வைக்கும் இந்தப் புழு, கொசு நுழையாத வீட்டில் பக்கத்துக் கூண்டுக்குப் பரவ வழியில்லை. கண்ணுக்கே தெரியாத காக்சிடியாதான் ஒரு வளர்ப்பகம் முழுவதையும் பாழாக்குகிறது. தோலுக்கடியில் உள்ள புழுவை மருத்துவர் சிறு கீறலிட்டு எடுப்பார். மருந்தால் ஒரேயடியாகக் கொன்றால், செத்த புழுக்கள் உடலுக்குள் கடும் எதிர்வினையை ஏற்படுத்தக்கூடும்.

காக்சிடியாவுக்கு டோல்ட்ராசூரில், பொனாசூரில் போன்ற மருந்துகள் உள்ளன. பச்சோந்தியின் எடை கிராம் கணக்கில் அளக்கப்படுவது என்பதால் அளவில் சிறிய பிழையும் பெரும் கேடாகும். குடற்புழுக்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஃபென்பெண்டசோல் அளவு மீறினால் எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது. நீரிழப்பில் இருக்கும் விலங்குக்கு மருந்துக்கு முன் நீர் கொடுத்தாக வேண்டும். கிளையில் வெயில் காய்வதற்கான சூடான இடமும் இருக்க வேண்டும்: புறவெப்பத்தை நம்பி வாழும் விலங்கின் செரிமானமும் நோயெதிர்ப்பும் குளிரில் மந்தமாகிவிடுகின்றன.

இவை எல்லாவற்றையும் செய்துவிட்டுக் கூண்டை அப்படியே விட்டால் மருந்து வீண். காக்சிடியாவின் உறைக்கூட்டை வீட்டில் பயன்படும் பிளீச்சிங் கரைசல் அழிப்பதில்லை, கொதிநீராவி அழிக்கும். சிகிச்சைக் காலம் முழுவதும் மண்ணையும் செடிகளையும் அகற்றி, தரையில் காகிதம் விரித்து, அதை நாள்தோறும் மாற்ற வேண்டும். சுவர்க்கோழிகளைக் கூண்டில் திறந்து விடாமல், வழுவழுப்பான சுவருள்ள கிண்ணத்தில் போட்டுக் கிளையருகே தொங்கவிட்டால் அவை தரையைத் தொடுவதே இல்லை. பச்சோந்தி தின்னாமல் விட்டவற்றை மாலையில் எடுத்துவிட வேண்டும்.